எத்தனை வாட் என்பது முதல் கேள்வியன்று

சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் ஆய்வு மாணவர் இசைக்குழு, ஹைதராபாத்தில் நாங்கள் பயிலும் வளாகத்தின் விடுதி உணவுக்கூடத்தில் பாடியது. ஒலியமைப்பு வாடகைக்கு எடுத்தது. மேடையின் இருபுறமும் ஆளுயரப் பெட்டிகள் நான்கு நின்றன; மொத்தம் மூவாயிரம் வாட் என்று கொண்டுவந்தவர் பெருமையுடன் சொன்னார். நிகழ்ச்சி முடிந்து கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலியிலிருந்து வந்து முதுகலை முதலாண்டு பயிலும் மாணவி ஒருவர் அருகில் வந்தார். “நல்லா இருந்துச்சு அக்கா. அந்த மூணாவது பாட்டு தெலுங்கா?” என்று கேட்டார். அவர் அமர்ந்திருந்தது ஐந்தாவது வரிசை. மூன்றாவது பாட்டு நான் எழுதிய தமிழ்ப் பாட்டு.

அந்தக் கேள்வியை நினைவிலிருந்து அகற்ற முடியாத நிலையில்தான் இப்போது இன்னொரு கேள்வியை எதிர்கொள்கிறேன். மாணவர் நிதியிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாயில் இசைக்குழுக்களுக்கென நிலையான ஒலியமைப்பு ஒன்றை வாங்க முடிவாகியிருக்கிறது. மூன்று விலைப்புள்ளிகள் வந்துள்ளன. கொள்முதல் குழுவின் கூட்டத்தில் ஒவ்வொரு விலைப்புள்ளியைப் பற்றியும் கேட்கப்பட்ட முதல் கேள்வி ஒன்றே: “எத்தனை வாட்?” விலையை வாட்டால் வகுத்து, எது மலிவு என்று கண்டறியும் வேலையும் அங்கேயே நடந்தது. நான் மறுப்புத் தெரிவித்தேன். முடிவு அடுத்த வாரத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டத்தில் விளக்கமாகப் பேச நேரமில்லாததால் என் வாதத்தை இங்கே எழுதுகிறேன். இது எங்கள் வளாகத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று என்பதும் இதை எழுதக் காரணம்.

என் வாதம் இதுதான்: நூறு பேருக்குக் குறைவானோர் அமரும் கூடத்தில் பாடும் குழுவுக்கு, ஒலியமைப்பின் முதற்கடமை பாடுபவரின் சொல்லைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்ப்பது. அதை வாட் எண் தீர்மானிப்பதில்லை. அறையும், பெட்டியின் திசைப்பாங்கும், மைக்கின் இடமும் தீர்மானிக்கின்றன.

முதலில் வாட் என்ற எண்ணையே பார்ப்போம். அது ஒலியின் அளவன்று, மின்திறனின் அளவு. மின்திறனை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல் மட்டுமே உயரும். அது செவிக்குச் சற்றே தெரியும் வேறுபாடு. ஒலி இருமடங்கானதாகச் செவி உணர ஏறத்தாழ பத்து டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆயிரம் வாட்டுக்கும் இரண்டாயிரம் வாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தாளில் தெரிவது போல் காதில் தெரியாது.

அடுத்தது உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் ஒரு பெட்டி 93 டெசிபலும், மற்றொன்று 96 டெசிபலும் தரலாம். முன்னதற்கு இருமடங்கு மின்திறன் கொடுத்தால்தான் பின்னதற்கு ஈடாகும். ஆகவே 500 வாட் பெட்டியொன்று 1000 வாட் பெட்டிக்குச் சமமாக ஒலிப்பதில் வியப்பில்லை. மேலும் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாவது பெரும்பாலும் கணநேர உச்சத் திறன். தொடர்ந்து தாங்கும் திறனின் நான்கு மடங்கை உச்சத் திறனாகக் குறிப்பது இத்துறையில் பரவலான வழக்கம். இரு நிறுவனங்கள் இரு வேறு பொருளில் தரும் எண்களை ஒரே பத்தியில் இட்டு ஒப்பிடும் ஆய்வேட்டை நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். கொள்முதலில் மட்டும் ஏற்கிறோம்.

உண்மையில் எவ்வளவு தேவை? மேடையிலிருந்து எட்டு மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்குச் சராசரியாக 95 டெசிபல் வேண்டும் என்று கொள்வோம்; சிறு கூடத்துக்கு அதுவே உரத்த ஒலி. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் குறையும். எட்டு மீட்டருக்குள் மூன்று முறை இரட்டிப்பதால் இழப்பு 18 டெசிபல். எனவே ஒரு மீட்டர் தொலைவில் 113 டெசிபல் தேவை. 96 டெசிபல் உணர்திறனுள்ள பெட்டிக்கு இது 17 டெசிபல் கூடுதல், அதாவது ஏறக்குறைய 50 வாட். திடீரென எழும் உரத்த ஒலிகளுக்காகப் பத்து டெசிபல் இடைவெளி விட்டாலும் 500 வாட். இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 250. மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இழப்பு இதைவிடவும் குறையும். அன்று உணவுக்கூடத்தில் மூவாயிரம் வாட் நின்றும் ஐந்தாவது வரிசைக்கு மொழியே தெரியவில்லை என்றால், குறைபாடு மின்திறனில் இருந்திருக்க இயலாது.

குறைபாடு இருந்தது அறையில். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அறையில் பேசுபவரின் சொல் விளங்கவில்லை என்ற புகார் எழுந்தபோது, அதைச் சீராக்கும் பணி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும். மீட்டர் கணக்கில் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சு பரப்பால் வகுத்தால் ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் கிடைக்கும். கட்டடக்கலை ஒலியியல் என்ற துறையே இதிலிருந்து பிறந்தது.

நம் வளாகங்களின் கூடங்களை நினைத்துப் பாருங்கள். சிமெண்டுச் சுவர், பளிங்கோ ஓடோ பதித்த தரை, கண்ணாடிச் சன்னல், இரும்பு மேசை. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள அத்தகைய கூடம் ஒன்றில் எதிர்முழக்க நேரம் இரண்டு நொடி என்று வைத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சமமாகும் தொலைவு ஒன்று உண்டு. அதற்கு அப்பால் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் சுவர்களைத்தான் கேட்கிறார். எல்லாத் திசையிலும் ஒலி பரப்பும் ஒரு மூலத்துக்கு இந்தக் கூடத்தில் அத்தொலைவு 80 சென்டிமீட்டர்கூட இல்லை. கிடைமட்டத்தில் 90 பாகையும் செங்குத்தில் 60 பாகையும் பரப்பும் நல்ல ஹார்ன் கொண்ட பெட்டிக்கு அது ஏறத்தாழ 2.3 மீட்டர்.

இங்கேதான் வாட் வாதம் முற்றாக முறிகிறது. மின்திறனைக் கூட்டினால் நேரொலியும் உயரும், திரும்பொலியும் அதே அளவு உயரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. குழப்பம் உரக்கக் கேட்கும், அவ்வளவே. விகிதத்தை மாற்ற வழிகள் வேறு. திசைப்பாங்குள்ள பெட்டியைத் தேர்ந்தெடுப்பது. கேட்பவர் தலைக்கு மேல் ஹார்ன் இருக்குமாறு ஸ்டாண்டில் உயர்த்திச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பது. பின்சுவரை நோக்காமல் மக்களை நோக்கித் திருப்புவது. கூடம் நீளமென்றால் முன்னே பெரிய பெட்டிகளை மட்டும் நம்பாமல், நடுவில் சிறு பெட்டிகள் இரண்டைச் சிறிது காலத் தாழ்ச்சியோடு ஒலிக்கவிடுவது. பின்சுவரில் கனத்த திரை தொங்கவிடுவது. இவற்றில் எதற்கும் வாட் எண்ணோடு தொடர்பில்லை.

மக்களும் ஒலியை உறிஞ்சுபவர்களே. அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் உறிஞ்சு பரப்புக்கு ஈடாவார். மேற்சொன்ன கூடத்தில் 80 பேர் வந்து அமர்ந்தால் எதிர்முழக்க நேரம் இரண்டு நொடியிலிருந்து ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிடும். காலியான கூடத்தில் ஒத்திகை பார்த்துக் கருவியைக் குறை சொல்வதும், காலியான கடையில் கேட்டுப் பார்த்துக் கருவியை மெச்சுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

அடுத்து, சொல்லுக்கு வருகிறேன். பேச்சொலியின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஆனால் எந்தச் சொல் என்று அடையாளம் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். அவை வலுக்குறைந்தவை, 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சார்ந்தவை. நம் ல, ள, ழ வேறுபாடுகூடக் குரல்வழியின் உயர் அதிர்வுச் செறிவுகளில், குறிப்பாக மூன்றாம் ஃபார்மண்டில் தங்கியிருக்கிறது. நீளும் தாழ்ந்த ஒலிகள் இந்த நுண்வேறுபாட்டின் மேல் போர்வை போலப் படிந்துவிடுகின்றன. அன்று எங்கள் பாட்டில் உயிரொலிகளும் மெட்டும் மட்டுமே ஐந்தாவது வரிசையை அடைந்தன. மெட்டை வைத்து அந்த மாணவி மொழியை ஊகித்தார். அவர்மீது குற்றமில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்வதன்று. எங்கள் குழுவில் ஆறு பேர்; ஐந்து மொழிகள். எல்லோருக்கும் தெரிந்த இந்தித் திரைப்பாடலின் சொல் கேட்காவிட்டாலும் கேட்பவர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். புதிய பாடலை, சிறுபான்மையினர் பேசும் மொழியில் எழுதிய பாடலை அவ்வாறு நிரப்ப இயலாது. மோசமான ஒலியமைப்பு எல்லாப் பாடலையும் சமமாகக் கெடுப்பதில்லை. முன்பே புகழ்பெற்றதை அது காப்பாற்றிவிடுகிறது. முதன்முறை ஒலிப்பதைத்தான் அழிக்கிறது. பொது நிதியில் வாங்கும் கருவியைப் பற்றிய விவாதத்தில் இதற்கு இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

அப்படியானால் ஒன்றரை இலட்சத்தை எவ்வாறு பகிர்வது? பாதிக்கு மேல் முதன்மைப் பெட்டிகளுக்குச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. 10 அல்லது 12 அங்குலப் பெட்டிகள் இரண்டு, பெருக்கி உள்ளேயே பொருத்தப்பட்ட வகை. ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் பொருத்தத் தெரியாதவர்கள் ஆண்டுதோறும் மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் அதுவே பாதுகாப்பு. உறுதியான உயர ஸ்டாண்டுகள். பாடுபவர்கள் தம் குரலைக் கேட்க இரண்டு மானிட்டர்கள். ஒவ்வொரு தடத்திலும் தாழ்ந்த அதிர்வெண்ணை வெட்டும் வசதியுள்ள 12 தட மிக்ஸர். நல்ல டைனமிக் மைக்குகள் நான்கு. கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் இரண்டு டிஐ பாக்ஸ். மீதம் முழுதும் கேபிளுக்கும் மின்னிணைப்புக்கும்.

மைக்குக்குப் பணம் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு கூடத்தில் ஒலியின் உச்சவரம்பை நிர்ணயிப்பது பெருக்கியன்று, மைக் ஊளையிடத் தொடங்கும் புள்ளி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் செலவின்றி ஆறு டெசிபல் கிடைக்கும்; மின்திறனில் அது நான்கு மடங்குக்கு ஈடு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டித்தால் மூன்று டெசிபல் பறிபோகும். கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னே மானிட்டரை வைக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு அவ்விடம் பொருந்தாது, பின்பக்கத்தின் இரு ஓரங்களில் வைக்க வேண்டும். பாடாதவரின் மைக்கை மூடுவதும், ட்ரம்ஸ் வாசிப்பவரை மென்கோல்களுக்கு இசையவைப்பதும் எந்தக் கருவியும் தராத தெளிவைத் தரும். சிறு கூடத்தில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை; மற்றவர் அனைவரும் அதற்கு ஈடாக உயர வேண்டியிருப்பதுதான் தொல்லை.

சப்வூஃபர் இப்போது வேண்டாம் என்கிறேன். ஆண்டு விழாவுக்கும் புல்வெளி நிகழ்ச்சிக்கும் அதிகத் திறன் வேண்டும் என்று நண்பர்கள் சொல்வது சரியே. ஆண்டில் இரண்டு நாள் தேவைக்கு வாடகை போதும். அந்த இரண்டு நாளை முன்வைத்து வாங்கிய கருவியோடு மற்ற நாற்பது மாலைகளைக் கழிக்க வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலிகள் சுவர் தாண்டிச் செல்பவை என்பதையும் மறக்கலாகாது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க முடியும். அங்கு வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல். திறந்த வெளியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விடுதியில் தேர்வுக்குப் படிப்பவரும் மாணவரே. அவருடைய நிதியும் இந்த ஒன்றரை இலட்சத்தில் இருக்கிறது. கேட்பவரின் செவிக்கும் எல்லை உண்டு. நிகழ்ச்சியிடங்களுக்கென 2022இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட தரநிலை, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. நாம் கணக்கிட்ட 95 அதற்குள் அடங்கும்.

மின்னிணைப்பைப் பற்றி ஒரு சொல். பெட்டியில் ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழுந்தால், பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டு இரைச்சல் போயிற்று என்று மகிழ்பவர்களைப் பல மேடைகளில் கண்டிருக்கிறேன். இரைச்சலோடு உயிர்க்காப்பும் போய்விடுகிறது. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் உலோகம். இரண்டின் இணைப்பிலும் எர்த் சரியாக இருந்தாக வேண்டும். இரைச்சலுக்கு மருந்து டிஐ பாக்ஸில் உள்ளது. அதன் சுவிட்ச் இசைச் சமிக்ஞையின் நிலத்தொடர்பை மட்டுமே துண்டிக்கும், மின்னிணைப்பின் எர்த்தைத் தொடாது. எல்லாக் கருவிகளையும் சோதிக்கப்பட்ட ஒரே மூன்றுமுனை இணைப்புப் பலகையிலிருந்து இயக்குவது நல்லது.

என் நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூட்டத்தில் சொல்லப்பட்ட வலுவான வாதம் ஒன்று உண்டு. கொள்முதல் விதிகள் அளவிடத்தக்க எண்ணைக் கேட்கின்றன. நிறுவனத்தின் பெயரை எழுத முடியாது, ‘தெளிவாக ஒலிக்க வேண்டும்’ என்றும் எழுத முடியாது. வாட் ஒன்றே எல்லோருக்கும் புரியும் எண். நியாயமான கவலை. ஆனால் உணர்திறன், பரப்புக் கோணம், தொடர்ந்து தாங்கும் திறன், எத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வுக்குள் எந்த அதிர்வெண் வரை ஒலிக்கும் என்ற விவரம் ஆகிய அனைத்தும் எண்களே. சொல் விளக்கத்தையும் அளக்கலாம். பேச்சுக் கடத்தல் குறியீடு என்ற பன்னாட்டுத் தர அளவீடு சுழியம் முதல் ஒன்று வரை மதிப்புத் தருகிறது. அபாய அறிவிப்பு அமைப்புகளுக்குப் பொதுவாக 0.5 எதிர்பார்க்கப்படுகிறது.

அந்த அளவீட்டுக்கும் கருவி வேண்டுமெனில், அதைவிட எளிய முறை நம்மிடம் உள்ளது. மூன்று விற்பனையாளரையும் தத்தம் பெட்டிகளோடு நம் கூடத்துக்கே அழைப்போம். குழுவின் ட்ரம்ஸும் கிட்டாரும் மெல்ல ஒலிக்கும்போது, ஒருவர் மைக்கில் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்: வாலை, வாளை, வாழை; அலை, அளை, அழை. தெலுங்கிலும் இந்தியிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் அவ்வாறே நெருங்கிய இணைகளை அந்தந்த மொழி நண்பர்கள் தரட்டும். முதல், ஐந்தாம், கடைசி வரிசைகளில் அமர்ந்திருப்போர் கேட்டதை எழுதட்டும். எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. சரியாக எழுதப்பட்ட சொற்களின் விழுக்காட்டை விலைப்புள்ளிகளுக்கு எதிரே ஒரு பத்தியாகச் சேர்ப்போம். வாட் பத்தியும் இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. இரண்டு பத்திகளையும் பார்த்துக் குழு முடிவெடுக்கட்டும். தோற்றால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

விற்பனையாளர்களில் இருவர் இதற்கு இசைந்துவிட்டனர், மூன்றாமவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கூடம் வரும் வியாழன் மாலை ஐந்து மணி முதல் நமக்குக் கிடைக்கும். கேட்டு எழுத மொழிக்கு ஆறு பேராக முப்பது பேர் தேவை. கூடம் நிறைந்தது போல் ஒலிக்க, எழுதாமல் அமர்ந்திருக்க மேலும் ஐம்பது பேர் வந்தாலும் நல்லது. பேனா கொண்டுவாருங்கள், தாள் நான் தருகிறேன். திருநெல்வேலி மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஐந்தாவது வரிசையில் இடம் வைத்திருக்கிறேன்.